சைக்கிளை முந்தும்போது ஏன் பக்க இடைவெளி விடவேண்டும்?

பக்க இடைவெளி என்பது முந்தும் வாகனத்துக்கும் சைக்கிள் ஹான்டிலுக்கும் நடுவே விடும் இடம். ஜேர்மனியில் 2020 முதல் ஊருக்குள் குறைந்தது 1.5 மீற்றர் விடவேண்டும் என்பது சட்டம்.

ஏன் இவ்வளவு? இரண்டு சில்லில் ஓடும் சைக்கிள் நேர்கோட்டில் போவதில்லை; இடமும் வலமும் சிறிது வளைந்து வளைந்துதான் விழாமல் போகிறது. இடுப்பில் நிறைகுடத்தோடு நடப்பவரைப் போல அதற்கும் அசைய இடம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியில் பஸ் உரசுவதுபோல் போனால் அந்த இடம் பறிபோகிறது, காற்றும் தள்ளும். ஓரத்திலோ மணலும் உடைந்த தாரும். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் எங்கே ஒதுங்குவார்கள்? வீதி ஒடுக்கமென்றால் பின்னால் பொறுத்து வாருங்கள்.

கோர்ன் அடித்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திடுக்கிட்டு வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பவரின் ஹான்டிலும் வலப்பக்கமே, வாகனத்தை நோக்கியே, திரும்பக்கூடும்.