விருந்து வேளையில் லோ கார்ப்: வாசகர் கேள்வி பதில்

பண்டிகைக் காலம் நெருங்கினால் போதும், மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சில மாதங்களாக லோ கார்ப் உணவுமுறையில் இருக்கிறேன், நாளொன்றுக்கு 50 கிராம் மாவுச்சத்துக்குள். மதியம் வரும் தூக்கம் போய்விட்டது, உடம்பு லேசாக இருக்கிறது. பண்டிகை அன்று இரவு கணவர் வீட்டு உறவினர்கள் எல்லோரும் கூடும் விருந்து. டயட்டே இல்லாத காலத்திலேயே 'ஏன் இவ்வளவு கம்மியா சாப்பிடறே' என்று கேட்டவர்கள். போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது மேடம்.

பதில்: கண்டிப்பாகப் போங்கள். சாப்பாட்டுக்குப் பயந்து மனிதர்களை விட்டு விலக ஆரம்பித்தால் அந்த உணவுமுறையே சீக்கிரம் வெறுத்துவிடும். அதனால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் ஒன்று. ராத்திரி விருந்து இருக்கிறதே என்று மதியம் பட்டினி கிடக்காதீர்கள். அகோரப் பசியோடு உட்கார்ந்தால் கை முதலில் போவது ரொட்டிக்கும் பொரித்த உருளைக்கிழங்குக்கும்தான், அதில் உங்கள் மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. மதியம் முட்டை, மீன், இறைச்சி, பனீர் என்று புரதம் நிறைந்த சாப்பாடு சாப்பிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி பாதாமோ சாப்பிட்டால் இன்னும் நல்லது. முந்திரி வேண்டாம், நூறு கிராமில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது.

அப்புறம், அன்றைக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். முழுக்கக் கடைப்பிடிப்பதா, ஒரே ஒரு பிடித்த பண்டத்துக்கு மட்டும் இடம் கொடுப்பதா? இரண்டுமே சரிதான், ஆனால் மேசையில் உட்கார்ந்த பிறகு, எதிரே பத்து பாத்திரம் இருக்கும்போது, அத்தை கரண்டியோடு பக்கத்தில் நிற்கும்போது எடுக்கிற முடிவு நிற்காது. கணக்கு தெரிந்திருந்தால் முடிவு சுலபம்: நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து, அதே அளவு அவித்த உருளைக்கிழங்கில் 20 கிராம் வரை, ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15 கிராம், 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம். அந்தக் குளிர்பானம் ஒன்றைக் குடித்தாலே உங்கள் 50 கிராமில் பெரும்பகுதி காலி, வயிறும் நிறையாது, எனக்கென்னவோ அது இருப்பதிலேயே மோசமான செலவு என்று படுகிறது.

வெளிப்படையாகத் தெரிகிற சோற்றையும் ரொட்டியையும் எல்லோரும் சமாளித்துவிடுகிறார்கள். ஏமாறுவது மறைந்திருப்பவற்றில். கிரேவியைக் கெட்டியாக்கச் சேர்க்கிற சோள மாவு, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த கறி, இனிப்புச் சாஸ் தடவிச் சுட்ட இறைச்சி, சாலட் மேல் ஊற்றுகிற இனிப்பு கலந்த டிரெஸ்ஸிங். அதனால் தட்டை எடுப்பதற்கு முன் ஒருமுறை என்னென்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு மீன், கறி, முட்டை, காய்கறி, கீரை என்று தட்டின் பெரும்பகுதியை நிரப்புங்கள், வெண்ணெய் இருந்தால் அதற்குப் பயப்படாதீர்கள், ஏனென்றால் மாவுச்சத்தும் இல்லாமல் கொழுப்பும் இல்லாமல் சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், அப்போது எதிரில் இருப்பது இனிப்புத் தட்டாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு பிடித்த பண்டம் என்று முடிவு செய்திருந்தால் அதைக் கடைசியில் சாப்பிடுங்கள். அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015-ல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு அதே சாப்பாட்டையே வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது ரத்தச் சர்க்கரை கணிசமாகக் குறைவாகவே ஏறியது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு கால் மணி நேரம் நடந்தால் இன்னும் நல்லது, கூட யாரையாவது பேச்சுத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வாரம் மாவுச்சத்தைக் குறைத்திருந்த உடம்பில் திடீரென்று நிறையக் கொட்டினால் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனைக்கு (குளுக்கோஸ் கரைசலைக் குடித்த பிறகு ரத்தச் சர்க்கரையை அளக்கும் சோதனை) முந்தைய மூன்று நாளும் தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வது இதனால்தான். எனவே 'இன்றைக்கு ஒரு நாள் எல்லாம் சாப்பிடுவோம்' என்று இறங்கினால் மறுநாள் வயிறு உப்பி, தலை கனத்து, அந்தப் பழைய மதியத் தூக்கம் திரும்பி வரும்.

சரி, இப்போது உறவினர்கள். உண்மையில் உங்கள் பயம் சாப்பாட்டைப் பற்றியது இல்லை, கேள்விகளைப் பற்றியது. அங்கே டயட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் ஆளுக்கொரு ஆலோசனை வரும், நீங்கள் வாதாட வேண்டியிருக்கும், சமைத்தவருக்கும் மனம் கோணும். சமைத்தவர் எதிர்பார்ப்பது நீங்கள் ருசித்துச் சாப்பிட வேண்டும் என்பதைத்தான். 'அந்த மீன் இன்னும் ரெண்டு துண்டு வைங்க, ரொம்ப நல்லா இருக்கு' என்று நீங்களே கேட்டு வாங்கினால் அவர்கள் முகம் மலர்வதைப் பாருங்கள். தட்டைக் காலியாக வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், காலித் தட்டைப் பார்த்தால் பரிமாறுகிற கை சும்மா இருக்காது. யாராவது நேரடியாகக் கேட்டால், 'மாவு அதிகமானா எனக்கு ஒத்துக்கறதில்லை, தூக்கம் தூக்கமா வருது' என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, அவர்கள் பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கணவர் வீட்டு விருந்து என்றால் அந்தப் பேச்சு கணவர் வாயிலிருந்து வர வேண்டும். இரண்டு நாள் முன்பே அவர் போன் செய்து, 'இவளுக்கு மாவு ஐட்டம் வேண்டாம், நாங்களே ஒரு பெரிய பாத்திரம் காய்கறியும் கறியும் செய்து எடுத்து வருகிறோம்' என்று சொல்லட்டும். எல்லோர் முன்னாலும் மருமகள் மறுப்பதற்கும் மகன் முன்கூட்டியே சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அவரிடம் இன்றைக்கே பேசுங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரையும் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறார். விருந்தன்று மட்டும் மாவுச்சத்தே இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, மருந்தை வழக்கம்போல் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். இன்சுலினும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வழக்கமான மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் இவையெல்லாம் அறிகுறிகள். ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையை, தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். அந்த நேரத்தில் டயட்டெல்லாம் பார்க்கக் கூடாது. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடிகிற வகை மாத்திரை எடுத்தால் ஆபத்து வேறு மாதிரி. மாவுச்சத்தை மிகவும் குறைக்கும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) பெருகிவிடலாம், சர்க்கரை அளவு கிட்டத்தட்ட சாதாரணமாகவே காட்டும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

விருந்தில் மது இருக்குமானால் கூடுதல் கவனம் தேவை. மதுவைக் கையாள்வதில் ஈரல் மும்முரமாகிவிட்டால் ரத்தத்துக்குச் சர்க்கரை விடுகிற அதன் வேலை தடைபடும், நள்ளிரவில் தூக்கத்திலேயே சர்க்கரை தாழலாம். இந்த வாரமே மருத்துவரிடம் மருந்துச் சீட்டோடு போய், விருந்தன்று எந்த மருந்து எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் தாமாக அளவைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: நேற்று விருந்தில் கட்டுப்பாடு போய்விட்டது. இன்று காலை எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. ஒரே ராத்திரியில் எல்லாம் வீணாகிவிட்டதா?

பதில்: இல்லவே இல்லை. உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேமிக்கும், ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும். லோ கார்பில் இந்தச் சேமிப்பு குறைந்திருந்தது, நேற்று நிரம்பிவிட்டது, அதோடு விருந்து உப்பு பிடித்துவைத்த நீரும் குடலில் இருக்கிற சாப்பாடும் சேர்ந்துகொண்டன. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக வேண்டும், ஒரு வேளையில் அது நடக்காது. இன்றைய முதல் வேளையிலிருந்து பழையபடி சாப்பிடுங்கள், பரிகாரப் பட்டினி வேண்டாம், நாலைந்து நாள் எடை மெஷினில் ஏறாமல் இருங்கள்.

நான் பயப்படுவது மிச்சத்தைப் பற்றித்தான். விருந்து ஒரு வேளை, மிஞ்சிய இனிப்பு பிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். அமெரிக்கப் பெரியவர்களின் பண்டிகைக் கால எடையை அளந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாகக் கூடியது அரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் அந்தக் கொஞ்சம் பண்டிகை போன பிறகும் போகாமல் தங்கிவிட்டது. எனவே மிஞ்சியதை இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 'சுகர் ஃப்ரீ' இனிப்பு வாங்கிப் போனால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதில்: டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு இருக்கும். மால்டிடால் என்ற இனிப்பூட்டி போட்டிருந்தால் அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றவே செய்யும், நாலைந்து துண்டு உள்ளே போனால் சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். தேன், பேரீச்சை சேர்த்தது என்றால் அதுவும் சர்க்கரைதான்.

கேள்வி: விருந்து எங்கள் வீட்டில். தம்பி மகள் லோ கார்ப் சாப்பிடுகிறவள், கேட்டால் 'எதுவும் வேண்டாம் அத்தை' என்கிறாள். அவளுக்கு என்ன செய்து வைப்பது?

பதில்: தனிச் சமையல் தேவையில்லை, அப்படிச் செய்தால் அவளுக்குக் கூச்சமாகிவிடும். எல்லோருக்கும் செய்கிற கறியிலும் மீனிலும் ஒரு பகுதியை மாவில் புரட்டாமல் வாட்டி எடுங்கள். ஏதாவது ஒரு காய் வெண்ணெயில் வதங்கட்டும், உருளைக்கிழங்கு கலக்காமல். சாஸ்களை மேலே ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இனிப்பு நேரத்தில் அவள் மட்டும் வெறுங்கையோடு இருக்காதபடி, சர்க்கரை போடாமல் அடித்த கிரீமும் கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரியும் போதும். கிரேவியில் மாவு சேர்ப்பதற்கு முன்பு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிட்டு, அவள் வந்ததும் சமையலறைக்கு அழைத்து, எதில் மாவு இருக்கிறது, எதில் சர்க்கரை இருக்கிறது என்று அவளிடம் மட்டும் காட்டிவிடுங்கள்.