நரம்பை எடுத்த பல் ஏன் வலிக்கிறது?

கேள்வி: கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து இரண்டு வருடமாகிறது. இப்போது கடித்தால் வலி, ஈறில் சின்னக் கொப்புளம். நரம்பையே எடுத்த பிறகு எப்படி வலிக்கும்? ஆன்டிபயாடிக் போதுமா, டாக்டர்?

பதில்: எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை மட்டும்தான். வேரைச் சுற்றியுள்ள நரம்புகள் பத்திரமாக இருக்கின்றன; வலிப்பது அங்கே. கொப்புளம், சீழ் வெளியேற உடம்பு போட்டுக்கொண்ட வழி. அதைக் குத்திவிடாதீர்கள்.

முதல்முறை தொற்றில் ஃபியூசோபாக்டீரியம், பிரீவோடெல்லா என்று காற்று ஆகாத கிருமிக் கூட்டமே இருக்கும். சிகிச்சை செய்தும் ஆறாத பற்களில் அடிக்கடி அகப்படுகிற ஆசாமி வேறு: என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். குடலில் சாதுவாகக் குடியிருப்பது. பல்லுக்குள் வந்துவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். கிருமியைக் கொல்லப் பல்லுக்குள் நாங்கள் வைக்கும் மருந்தான கால்சியம் ஹைட்ராக்சைடின் காரம் பிஹெச் 12-ஐத் தாண்டும். காரத்தைத் தணிக்கிற புரோட்டான்களை உள்ளே இழுத்து, இந்தக் கிருமி அதையும் ஓரளவு சமாளித்துவிடும். வேர்ச் சுவரின் நுண்குழாய்கள் 1 முதல் 3 மைக்ரான் அகலம். இதன் உடம்போ 1 மைக்ரான் அளவுதான். புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாத்திரையை ரத்தம்தான் சுமந்து போக வேண்டும்; நரம்பெடுத்த பல்லுக்குள் ரத்தம் ஏது? காய்ச்சலோ, முகம் வீங்குவதோ இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும், அப்போது உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி எக்ஸ்ரே எடுத்து, பழைய அடைப்பை நீக்கி, ஹைபோகுளோரைட் என்ற கிருமிநாசினியால் நிதானமாகக் கழுவி, திரும்ப அடைக்க வேண்டும். ஒருமுறை இப்படித் திறந்த மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கால்வாயை (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) யாரும் தொட்டிருக்கவில்லை. முதலில் அந்தப் பல்லைச் செய்தது நானேதான்.