ரவி வர்மா அச்சகத்து லட்சுமி படம் அசலா?

வணக்கம். '1900 வாக்கில் அச்சான ரவி வர்மா லட்சுமி' என்று ஏலப் பட்டியலில் உள்ள படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருப்பதால் அச்சகப் பெயர் தெரியவில்லை என்றும், அதை நம்பி விலை கேட்கலாமா என்றும் வினவியிருந்தீர்கள். பெயர் இல்லாததால் மட்டும் அதைப் போலி என்று தள்ள முடியாது; படச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) அடங்குவதற்காக ஓரத்தை வெட்டியவர்கள் பலர். பெயர் இருந்தாலும் காலம் உறுதியாகிவிடாது, ஏனெனில் 1894இல் மும்பையில் தொடங்கிய அந்த அச்சகம், லோனாவலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு மாறி, ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போன பிறகும் தெய்வப் படங்களை நெடுங்காலம் அச்சிட்டு வந்தது.

ஆகவே அச்சையே ஆராய வேண்டும். முகத்தையும் புடவைக் கரையையும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த அச்சகம் கையாண்ட கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறையில், ஒவ்வொரு நிறமும் தனிக் கல்லிலிருந்து தாளில் ஏறுவதால் புள்ளிகள் ஒழுங்கின்றி, சிறிதும் பெரிதுமாகச் சிதறியிருக்கும். பிற்கால இயந்திர அச்சு முறையான ஆஃப்செட்டில் எடுத்த மறுபதிப்பிலோ அவை வரிசை பிசகாமல் சின்னஞ்சிறு பூவட்டங்களாக அமைந்திருக்கும். புற ஊதா விளக்கில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அது 1950க்குப் பிந்தைய தாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் நான் விலையே கேட்க மாட்டேன்.

புடவையில் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். அத்தகைய படங்களையே தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. நீங்கள் ஏலத்தில் கேட்கும் விலையோடு ஏல நிறுவனத்தின் கட்டணமும் அதன் மீதான வரியும் சேரும் என்பதால், அவற்றையும் கூட்டிய பிறகே உங்கள் உச்ச வரம்பை முடிவு செய்யுங்கள்.