அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையிலேயே துப்பாக்கி சுட்டுப் பழகலாமா? அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்காதா?

அது ஊரையும் நிலத்தையும் பொறுத்தது. நான் டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே 14 ஏக்கரில் இருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் கொல்லையில்தான் சுடுகிறேன். பக்கத்து நிலத்துப் பெரியவருக்குப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. ஆனால் சத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் விசாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எச்-1பி போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பனுடைய துப்பாக்கியை வாங்கி நாலு ரவுண்டு சுட்டாலும் சிக்கல்தான். வீட்டுக்குச் சாப்பிட வரும் தம்பிகள் ஆசையாகக் கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. கிரீன் கார்டு வரும்வரை நானும் தொட்டதில்லை.

அடுத்தது நிலம். டெக்சாஸில் நகரத்துக்கு வெளியே இருந்தாலும், மனைப்பிரிவில் உங்கள் மனை 10 ஏக்கரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் கவுன்டி நிர்வாகம் சுடுவதைத் தடை செய்யலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். விசாரிக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

இப்போது சத்தம். கல்லூரி என்.சி.சி. முகாமில் .22 ரைபிளைப் படுத்துச் சுட்டவர்களுக்கு அந்தச் சின்னத் தோட்டா நினைவிருக்கும். அதில் வேகமான ரகம் நொடிக்கு 1,200 அடிக்கு மேல் போகும். ஒலியின் வேகம் ஏறக்குறைய 1,125 அடி. அதைக் குண்டு தாண்டும்போது சாட்டை சொடுக்கியது போல ஒரு வெடிப்பு கூடுதலாக வரும். சி.சி.ஐ. நிறுவனத்தின் குவயட்-22 தோட்டாவில் அதே 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள குண்டுதான். வேகம் மட்டும் 710 அடி. வெடிமருந்தும் குறைவு, அந்தச் சொடுக்கும் இல்லை. 68 டெசிபெல் என்று அவர்கள் சொல்வது நீளக் குழல் ரைபிளுக்கு. கைத்துப்பாக்கியில் அதைவிடச் சத்தமாகத்தான் இருக்கும். காதடைப்பானும் கண்ணாடியும் இல்லாமல் நான் சுடுவதில்லை.

இந்தத் தோட்டாவுக்கு ரிவால்வர்தான் பொருத்தம். தானியங்கி பிஸ்டலில் அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கான உதைப்பு இதில் பல நேரம் போதாது. என்னிடம் இருப்பது ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் 999. மாசசூசெட்ஸில் செய்தது, அந்தப் பழைய கம்பெனி 1986-இல் மூடப்பட்டுவிட்டது. ஒன்பது தோட்டா பிடிக்கும். மேல் தாழை நீக்கிக் குழலை மடக்கினால் நடுவில் ஒரு நட்சத்திரத் தகடு எழும்பி, ஒன்பது காலிப் பித்தளையையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். இளஞ்சூட்டோடு அவை உள்ளங்கையில் விழும் அந்த நொடிக்காகவே இதை வாங்கினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

பழையதை வாங்கினால் முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை, குழலுக்கு நேராக வந்து பூட்டாவிட்டால் குண்டின் ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் தெறிக்கவிடும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடவும் கூடாது. .22 போல, தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகைக்கு ரிம்ஃபயர் என்று பெயர். பழைய ரிம்ஃபயர்களில் தோட்டா இல்லாவிட்டால் அந்த ஊசி, தோட்டா இருக்கும் அறையின் விளிம்பிலேயே அடித்துச் சிதைக்கும்.

முதல் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். மெஸ்கீட் கட்டையை நிறுத்தி அதன்மேல் காகித இலக்கை ஒட்டினேன். மெஸ்கீட் நம்மூர் சீமைக் கருவேலத்தின் பங்காளி, இரும்பு மாதிரி மரம். மெதுவாகப் போன குண்டு அதில் புதையாமல் திரும்பி வந்து என் கால் பக்கம் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் காசு போலத் தட்டையாகியிருந்தது. அது கண்ணுக்கு வந்திருக்கலாம். அன்றோடு நிறுத்திவிட்டேன். சத்தம் குறைந்ததால் ஆபத்தும் குறைந்துவிட்டது என்று மனசு எப்படியோ நம்பிவிடுகிறது. வேகமான .22-இன் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதில் இருக்கிறது, ஆளைக் கொல்ல அது போதும்.

மறுவாரம் பக்கத்து நிலத்துப் பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவரே டிராக்டரைக் கொண்டுவந்து, கல் இல்லாத மண்ணாகத் தள்ளி ஒரு மேடு போட்டுக் கொடுத்தார். பிறகு மேட்டுக்குப் பின்னால் நடந்து போய், தன் வீட்டுப் பக்கமிருந்து நான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். என் தொப்பி தெரிகிறது, இன்னும் இரண்டடி ஏற்று என்றார். ஏற்றிய பிறகுதான் மறுபடி சுட ஆரம்பித்தேன்.