வாசகர் கேள்வி – வண்டி பதில்

கேள்வி: மாதம் இருமுறை திருச்சியிலிருந்து சென்னைக்கு 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியில் செல்கிறேன். விழுப்புரத்தை நெருங்குவதற்குள் வலது கை மரத்துப்போகிறது. ஆக்சிலேட்டர் பிடியில் மாட்டும் ‘கிராம்ப் பஸ்டர்’ என்ற பிளாஸ்டிக் பட்டையை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். மாட்டலாமா? எப்படி மாட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மாட்டலாம், ஆனால், கடைக்காரர் மாட்டிக் கொடுத்த நிலையிலேயே ஓட்டிச் சென்றுவிடாதீர்கள். உங்கள் கை எந்தக் கோணத்தில் பிடியில் படிகிறது என்பது, வண்டியில் நீங்கள் அமர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆக்சிலேட்டரை எப்போதும் மூடிய நிலைக்கே இழுத்துக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்கை எதிர்த்து, மூன்று நான்கு மணி நேரம் ஒரே அளவில் பிடியை முறுக்கி வைத்திருப்பதால்தான் விரல்களும் மணிக்கட்டும் சோர்கின்றன. இந்தப் பட்டையிலிருந்து பின்னோக்கி நீளும் சிறு பலகையின் மேல் உள்ளங்கையைச் சும்மா வைத்தாலே, கையின் எடை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிடியின் ஆரம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். பலகையில் கை அழுத்தும் இடமோ பிடியின் மையத்திலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே, தேவைப்படும் விசையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

மாட்டுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்து, பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டு, பட்டையை விரித்துப் பிடியின் வெளிப்பக்கமாகச் செருகுங்கள். ஸ்விட்ச் பெட்டியிலோ ஹேண்டில் முனைக் குண்டிலோ அது உரசக் கூடாது. உரசினால் ஆக்சிலேட்டர் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். பிறகு வண்டியில் அமர்ந்து, நெடுஞ்சாலையில் நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்திற்குரிய அளவு பிடியை முறுக்குங்கள். அந்த நிலையில் மணிக்கட்டு மடங்காமல் முழங்கையோடு நேர்கோட்டில் இருக்க, பலகை உள்ளங்கையின் கீழ் கிடைமட்டமாக வர வேண்டும்.

அடுத்து, பிடியை முழுவதும் விட்டுவிட்டு, இரண்டு விரல்களால் முன் பிரேக் லிவரை எட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்போது உள்ளங்கை பலகையில் படுகிறதென்றால், பிரேக்கை அழுத்தும் அதே நேரத்தில் ஆக்சிலேட்டரையும் திறக்கப்போகிறீர்கள் என்று பொருள். பலகையைச் சற்றுக் கீழே திருப்பி, மறுபடியும் சோதியுங்கள். ஓய்வு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஹேண்டிலை இடது ஓரத்திற்கும் வலது ஓரத்திற்கும் முழுவதும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் பிடியை முறுக்கி விட்டுப் பாருங்கள்: அது தானாகவே ‘டப்’பென்று மூடிக்கொள்ள வேண்டும். மந்தமாகத் திரும்பினால், பழுது பட்டையில் இல்லாமல் கேபிளில்கூட இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பட்டையை மாட்டக் கூடாது. கடைசியாக, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலைத் திருப்பும்போது சத்தம் ஏறாமல் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் இதை மாட்டிய மழைக்காலத்தில், பெட்ரோல் பங்க் ஒன்றுக்குள் மெதுவாகத் திரும்பியபோது, மழைக்கோட்டின் தளர்ந்த கைப்பகுதி பலகையில் சிக்கி, வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. கிளட்ச் கையில் இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து, ஊருக்குள் நுழையும் முன் வண்டியை ஓரங்கட்டிப் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நெரிசலிலும், யூ-டர்ன் எடுக்கும்போதும், எஞ்சின் ஓடும் நிலையில் வண்டியைத் தள்ளும்போதும் அது பிடியில் இருப்பது ஆபத்து.

எந்த விரல் மரத்துப்போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் செல்லும் நரம்பு அழுந்துகிறது. பலகை அதே இடத்தில் பட்டால் நிலைமை மோசமாகும் என்பதால், அதைப் பிடியின் உட்பக்கமாகச் சற்று நகர்த்துங்கள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்றால், மணிக்கட்டு மடங்கியே இருப்பது காரணமாக இருக்கலாம். பிரேக் லிவரை முன்கையின் சாய்வுக்கு ஏற்பத் தாழ்த்தினாலே பாதி குறையும். கை முழுவதும் ‘ஜிவ்’வென்று இருந்தால் அது அதிர்வு. பேலன்சர் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்க எஞ்சினுக்குள் சுழலும் எதிரெடைத் தண்டு) இல்லாத ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இதைப் பட்டை தீர்க்காது. எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்து, கனமான ஹேண்டில் முனைக் குண்டுகளைப் பொருத்துங்கள். இரவில் தூக்கத்திலும் கை மரத்துப்போனால், மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் நிறுத்திவிடும் ‘த்ராட்டில் லாக்’ இதைவிட வசதி என்கிறார்களே?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வசதிதான், கையை எடுத்து உதறிக்கொள்ளக்கூட முடியும். ஆனால், கார்களில் உள்ள குரூஸ் கன்ட்ரோல் வேகத்தைக் கவனித்து ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்கும். இந்தப் பூட்டு பிடியை உராய்வால் நிறுத்தி வைப்பதோடு சரி. ஏற்றத்தில் வேகம் குறையும், இறக்கத்தில் கூடும். கிராம்ப் பஸ்டரில் கையை எடுத்தவுடன் ஆக்சிலேட்டர் மூடிவிடும். பூட்டு போட்டிருந்தால், நீங்களாகத் திருப்பும்வரை அது திறந்தே இருக்கும். சென்டர் மீடியன் இடைவெளியில் எந்த நொடியும் மாடு நுழையக்கூடிய நம் நெடுஞ்சாலைகளில், அதை என் வண்டியில் நான் மாட்டவில்லை.