கிளவுட் டூலில் வெர்போஸ் வசதி: எதைக் காட்டுவது, எங்கே காட்டுவது?

பைத்தானில் எழுதிய உங்கள் கமாண்ட் லைன் டூல், தப்பு நடந்தால் "தோல்வி" என்று மட்டும் சொல்லி நிற்கிறது, வெர்போஸ் (நடப்பதை விரிவாகச் சொல்லும் ஆப்ஷன்) போட்டால் என்னென்ன காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கே எழுதுவது என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். டூலின் உண்மையான விடை போகும் வழி ஸ்டாண்டர்ட் அவுட்புட்; பிழை, அறிவிப்புகளுக்கான தனி வழி ஸ்டாண்டர்ட் எரர். கூடுதல் விவரம் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குத்தான் போக வேண்டும். நாகர்கோவிலில் எங்கள் சின்ன ஆபீசிலும் இப்படி ஒரு டூல் இருக்கிறது. அது தரும் ஜேசான் (JSON) டேட்டாவை பைப் போட்டு, ஜேசானைப் படிக்கும் ஜேக்யூ (jq) என்ற டூலுக்குக் கொடுக்கிற ஸ்கிரிப்டுகள் ராத்திரி க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடும், ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் "இணைக்கிறேன்" என்று ஒரு வரி கலந்தாலும் ஜேக்யூ பார்ஸ் எரர் சொல்லிப் படுத்துவிடும். பைத்தானின் லாகிங் மாட்யூல், நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால், ஸ்டாண்டர்ட் எரரில்தான் எழுதும். பிரிண்ட்டை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, எதைக் காட்டுவது? எந்த ரீஜன் (கிளவுட் சர்வர் இருக்கும் பிராந்தியம்), எந்த அக்கவுண்ட், எந்த முகவரிக்கு ரிக்வெஸ்ட் போனது, ஸ்டேட்டஸ் கோட், எத்தனை மில்லிசெகண்ட், கூடவே ரிக்வெஸ்ட் ஐடி (அந்த ஒரு ரிக்வெஸ்டுக்கான அடையாளக் குறி). மற்றதை விட்டாலும் இந்த ஐடியை விடாதீர்கள், அது இல்லாமல் சப்போர்ட்டில் டிக்கெட் நகராது. ரீட்ரையையும், அதாவது தோற்றதும் டூல் மறுபடி முயல்வதையும், வெளியே சொல்லுங்கள். அமேசான் கிளவுடின் கமாண்ட் லைன் டூலான ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ 2, நாம் எதையும் மாற்றாவிட்டால், நெட்வொர்க் பிழை வந்தால் முதல் முயற்சியையும் சேர்த்து 3 தடவை சத்தமில்லாமல் முயலும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தக்கலைப் பக்கம் நெட் விட்டுவிட்டு வரும்போது "டூல் தொங்கிவிட்டது" என்று எங்களுக்கு போன் வரும், பார்த்தால் அது அடுத்த ரீட்ரைக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு படி போதும்: சின்ன வி (-v) ஒன்று போட்டால் மேலே சொன்னது, இரண்டு போட்டால் ஹெடர் (ரிக்வெஸ்டோடு போகும் கூடுதல் தகவல் வரிகள்) உட்பட எல்லாம். கமாண்ட் லைன் ஆப்ஷன்களைப் படிக்கும் பைத்தான் மாட்யூலான ஆர்க்பார்ஸில் (argparse) ஆக்‌ஷனுக்கு கவுண்ட் (count) கொடுத்தால் எத்தனை வி என்று அதுவே எண்ணித் தரும்; டீஃபால்ட்டை 0 என்று வையுங்கள், இல்லாவிட்டால் வி போடாதபோது None (மதிப்பு இல்லை) வந்து, எண்ணோடு ஒப்பிடும் இடத்தில் டூல் விழும். குபெர்நெட்டிஸை இயக்கும் டூலான குபெக்டிஎல்லில் (kubectl) 9 வரைக்கும் படி இருக்கிறது, நமக்கெதற்கு அவ்வளவு?

ரகசிய டோக்கன் இருக்கும் ஆதரைசேஷன் ஹெடரை மட்டும் அப்படியே அச்சடிக்காதீர்கள். லாகை ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அப்படியே ஒட்டிவிடுவார்கள். கூகுள் கிளவுடின் டூலான ஜிகிளவுடில் ரிக்வெஸ்டுகளைக் காட்டும் லாக்-எச்டிடிபி (--log-http) ஆப்ஷன் கூட டோக்கனை மறைத்துத்தான் காட்டுகிறது. உங்கள் டூல் ப்ரீசைன்டு யூஆர்எல் (லாகின் இல்லாமலே ஃபைலைத் திறக்கும் தற்காலிக லிங்க்) தருகிறது என்றால், யூஆர்எல்லின் க்வெரி பகுதியிலேயே சிக்னேச்சர் இருக்கும், யார் கையில் கிடைத்தாலும் கெடு முடியும்வரை ஃபைல் திறக்கும். லாகில் எழுதும்போது கேள்விக்குறிக்கு அப்புறம் உள்ளதை வெட்டிவிடுங்கள்.