நீட் வேணாம்ங்குறா, சரி... மேக்ஸ மட்டும் விட வேணாம்னு சொல்லுங்க

அக்கா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு நீட் எழுத மாட்டேங்குறா, செல் மெம்ப்ரேன், அதான் செல்லோட சவ்வு, அத பத்தி ஆராய்ச்சி பண்ணணுமாம், அதுல என்ன வேலை இருக்குன்னு கேட்டிருக்கீங்க. கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, பியூசி (நம்ம ஊரு பிளஸ் டூ) முடிஞ்சதும் மேக்ஸுக்கு கும்பிடு போட்ருவேன்னு சொல்றான்னு, எனக்கு பயமே அங்கதான்.

முதல்ல அந்த மெம்ப்ரேன பாப்போம். பேதியானா ஓஆர்எஸ் குடுக்குறோம்ல, உப்பு சரி, சர்க்கரை எதுக்கு? ருசிக்குன்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். செல்ல சுத்தி இருக்குற சவ்வு ரெண்டடுக்கு கொழுப்பு, உப்பு சும்மா அத தாண்டி உள்ள போக முடியாது, குடல் செல்லுல இருக்குற ஒரு புரோட்டீன் வாசல் மாதிரி நின்னு சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாத்தான் உள்ள விடும், அதுங்க போனா பின்னாடியே தண்ணியும் போகும். சர்க்கரை இல்லன்னா அந்த வாசல் தொறக்காது. 1971-ல பங்களாதேஷ் போர் அகதிங்களுக்கு காலரா வந்து, மேற்கு வங்க எல்லையில இருக்குற பங்கான் முகாம்ல நரம்புல ஏத்துற சலைன் பத்தாம போனப்போ டாக்டர் திலீப் மஹலனபிஸ் இந்த உப்பு-சர்க்கரை தண்ணிய குடுத்துதான் நெறைய உயிர காப்பாத்தினாரு. இதுல என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல!

இப்ப மேக்ஸுக்கு வரேன். அந்த கொழுப்பு அடுக்கு சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ரெண்டு லட்சத்துல ஒரு பங்கு. நரம்பு செல்லுல அதோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 70 மில்லிவோல்ட் இருக்கும், கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா மீட்டருக்கு கணக்கு போட்டா 1 கோடியே 40 லட்சம் வோல்ட். பிசிக்ஸும் கணக்கும் இல்லாம இந்த ஃபீல்டுக்குள்ள போய் என்ன பண்றது? ஐசர்னு மத்திய அரசோட அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்க இருக்குல்ல, அதோட நுழைவுத்தேர்வுலயும் 60 கேள்வில 15 மேக்ஸ்தான்.

சம்பளம் பத்தி மழுப்ப மாட்டேன். வெறும் பிஎஸ்சியோட நின்னா கம்மிதான், எம்எஸ்சி, பிஹெச்டின்னு போனாத்தான் அவ சொல்ற ஆராய்ச்சி, வருஷம் ஆகும், கல்யாணம் எப்போன்னு சொந்தக்காரங்க நச்சரிப்பாங்க, அதுக்கு நீங்கதான் அணை கட்டணும். ஆனா மருந்து கம்பெனிங்களுக்கு இந்த சவ்வு புரோட்டீன் தெரிஞ்ச ஆளுங்க எப்பவும் தேவை, நெறைய மாத்திரை வேலை செய்யிறதே அதுங்க மேலதான். பெங்களூர்ல இருக்கீங்க, பொம்மசந்திரா பக்கம் பயோடெக் கம்பெனிங்க, ஜிகேவிகே விவசாய பல்கலைக்கழக கேம்பஸ்ல என்சிபிஎஸ்ங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையம், எல்லாமே பஸ் ஏறுனா போற தூரம். ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகம்) எல்லாரையும் உள்ள விட்டு லேப் காட்டுற ஓப்பன் டே வந்தா அல்சூர்ல இருந்து எவ்ளோ தூரம் சொல்லுங்க, கூட்டிட்டு போங்க, லேப்ல நிக்கிற பசங்ககிட்ட அவளே பேசட்டும்.

அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அந்த சர்க்கரை கேள்விய அவகிட்ட கேளுங்க. புக்குல இருக்கறத ஒப்பிச்சா கொஞ்சம் யோசிக்கணும். பேப்பர் எடுத்து படம் போட்டு உங்களுக்கு புரியிற வரைக்கும் விடலன்னா நாளைக்கே எனக்கு போன் பண்ணுங்க, மேக்ஸ் ட்யூஷனுக்கு ஆள் பாத்துருவோம்.